புது ஸ்பீக்கர் வாங்கியதைச் சொன்னால் அது பந்தாவா?

தூசித்தட்டு எழுதியது:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது கொட்டாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். பாட்டுக் கேட்கிற கிறுக்குத்தான் எங்களைச் சேர்த்து வைத்தது, மற்றபடி வேலை, வயது, வசதி எல்லாம் ஆளுக்கு ஒரு தினுசு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம், ஆளுக்கு நாலு ரெக்கார்டு கொண்டுவருவோம், நடுராத்திரி வரை ஓடும். பதினோரு வருஷமாக இது நடக்கிறது. இத்தனை நாளும் அதில் நான்தான் ஏழை. பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கோன், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கூம்பு, கிழிந்து ஒட்டுப் போட்ட ஸ்பீக்கர். அதை யாரும் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபது வயதில் ஒரு பெரியவர் வீட்டில் குவாட் கம்பெனியின் இஎஸ்எல்-57 ஸ்பீக்கரைக் கேட்டேன். 1957ல் வந்த டிசைன். பார்ப்பதற்கு ரூம் ஹீட்டர் மாதிரி நிற்கும். உள்ளே கோனும் இல்லை, சுற்றிப் பெட்டியும் இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று உயர் மின்னழுத்தத்தில் அதிர்கிறது, அவ்வளவுதான். ஒரு பெண் குரலைப் போட்டார். பாட ஆரம்பிப்பதற்கு முன் அந்தம்மா மூச்சை உள்ளே இழுத்த சத்தத்தில் நான் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. கல்யாணம், கடன் எல்லாம் தாண்டி, கடைசி ஆறு வருஷம் தனியாகக் காசு சேர்த்து, மூன்று மாதத்துக்கு முன் அதே படல ரகத்தில், எலக்ட்ரோஸ்டாட்டிக் என்பார்கள், ஒரு ஜோடி வாங்கினேன். புத்தம் புதுசு, ஆள் உயரம்.

பிரித்து நிறுத்திய அன்று ராத்திரியே நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒருத்தர் கட்டைவிரலை மட்டும் காட்டினார். ஒருத்தர் "லாட்டரி அடிச்சுதா?" என்றார். இன்னொருத்தர் "கார் வாங்குற காசுல காத்து வாங்கியிருக்க" என்றார். எங்களில் மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், காது அவருக்குத்தான் படு கூர்மை, அவர் பதிலே போடவில்லை. அடுத்த கூட்டம் என் வீட்டில் நடந்தது. வந்தார்கள், கேட்டார்கள், "ம், நல்லாருக்கு" என்றார்கள், ஒன்பதரைக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். வாசல் வரை போனவர் திரும்பி, "இனிமே உனக்கு நாங்கல்லாம் எதுக்குப்பா" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு மாதமாகக் கூட்டமே இல்லை, ஆளுக்கொரு வேலை வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் நான் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேராகக் கேட்கிறேன், நான் பீற்றிக்கொண்டேனா, இல்லை அவர்களுக்கு வயிற்றெரிச்சலா?


பழைய ஊசி எழுதியது:

விலையைச் சொல்லவில்லை, சரி. படத்தோடு கூட என்ன எழுதி அனுப்பினீர்கள்? ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கே போடுங்கள், அப்புறம் பேசுவோம்.


தூசித்தட்டு எழுதியது:

இதுதான்: "கடைசியில் வந்து சேர்ந்தது! ஒவ்வொன்றும் 40 கிலோ, மாடியேற்ற மூன்று பேர். இனி பெட்டி ஸ்பீக்கர் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன். இத்தனை வருஷமாக நாம் கேட்டதெல்லாம் என்ன என்று தோன்றுகிறது."

சந்தோஷத்தில் எழுதியது. இதில் என்ன தப்பு?


பழைய ஊசி எழுதியது:

"நாம்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் தப்பு.

"நான் கேட்டதெல்லாம்" என்று எழுதியிருந்தால் உங்கள் ஒட்டுப்போட்ட கோனைப் பற்றிய பேச்சாக நின்றிருக்கும். "நாங்கள்" என்றிருந்தால்கூட வேறு யாரையோ பார்த்துச் சொன்னது போல இருந்திருக்கும். "நாம்" என்றதும் எதிரே இருக்கிற நாலு பேரின் நாலு செட்டையும் அள்ளி உங்களுடைய பழைய ஸ்பீக்கரோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். அந்த நாலு பேரிடமும் இருப்பது பெட்டி ஸ்பீக்கர்தானே? பதினோரு வருஷமாக உங்களுக்குத் தங்கள் வீட்டு நல்ல செட்டில் பாட்டுப் போட்டுக் காட்டியவர்கள் அவர்கள். நீங்கள் ஏழையாக இருந்தபோது குத்திக்காட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பீற்றல் என்றால் விலைப்பட்டியல் வாசிப்பது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விலை சொல்கிறவனைக்கூட ஒரு விதத்தில் மன்னித்துவிடலாம், அவன் என்ன செய்கிறான் என்பது அவனுக்கே தெரியும்.


இரண்டாம் கை எழுதியது:

பழைய ஊசி சொல்வது நியாயம்தான். இருந்தாலும் ஒரு பக்கத் தராசு. பொறாமைப்பட்டவன் நான், அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பேர் தெரியாது என்கிற தைரியத்தில்.

என் நண்பன் ஒருத்தன் பெரிய ஆம்ப் ஒன்று வாங்கினான். நான் மூன்று வருஷமாக விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே மாடல். பார்க்கக் கூப்பிட்டான். போனேன். முன் தகடு தடித்த அலுமினியம், வால்யூம் குமிழைத் தொட்டால் எண்ணெயில் சுற்றுவது போல ஒரு கனம், கையை எடுக்க மனசு வரவில்லை. அவன் பாட்டுப் போட்டான். முதல் சரணம்கூட வரவில்லை, அதற்குள் நான் வாயைத் திறந்து "டிரெபிள் கொஞ்சம் குத்துதோ?" என்றேன், கீச்சுப் பக்கத்து ஒலியை.

குத்தவில்லை. எனக்கு எதுவும் குத்தவில்லை. பாட்டையே நான் சரியாகக் கேட்கவில்லை, அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு குறை சொல்லாவிட்டால் அந்த அறையில் உட்கார முடியாது என்கிற நிலைமை. அவன் முகம் ஒரு விநாடி சுருங்கியது, பிறகு "அப்படியா, கேபிளா இருக்கும்" என்றான்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எட்டு மாதம் அவன் கேபிள் மாற்றினான். திரைச்சீலை மாற்றினான், தரையில் கம்பளம் போட்டான், ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பினான், வெளிப்பக்கம் திருப்பினான். ஒவ்வொரு தடவையும் எனக்கு போன் பண்ணி "இப்ப வந்து கேளேன், இன்னும் குத்துதா?" என்பான். நான் போவேன், "கொஞ்சம் பரவாயில்லை" என்பேன். உண்மையைச் சொல்ல எட்டு மாதமும் தைரியம் வரவில்லை. கடைசியில் அந்த ஆம்ப்பை விற்றுவிட்டான். யாருக்கு? கேட்காதீர்கள். என் பேரை மறுபடி ஒருதரம் படித்துக்கொள்ளுங்கள்.

அதனால் தூசித்தட்டு, உங்கள் நண்பர்கள் "ம், நல்லாருக்கு" என்றதோடு நிறுத்தினார்களே, அதுவே பெரிய மனசு.


வெள்ளைக் கோன் எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள். எனக்கு இந்தக் கதையே புரியவில்லை. கடன் தீர்ந்த கையோடு ஆள் உயர ஸ்பீக்கர் எதற்கு? என்னிடம் இருப்பது யமஹா என்எஸ்-10. 1978ல் வீட்டுக்கென்று வந்த சின்ன ஸ்பீக்கர், வீடுகளில் போணியாகவில்லை, ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துப்போய் மிக்சிங் மேஜையின்மேல் வைத்துக்கொண்டார்கள். டிரெபிள் கூச்சலாக இருக்கிறது என்று அதைப் பாடுகிற ட்வீட்டருக்கு முன் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். நீங்கள் ஆள் உயரத்தில் நிறுத்திவைத்துக் கேட்கும் பாட்டுகளில் எத்தனையோ அந்த வெள்ளைக் கோனில் கேட்டு மிக்ஸ் செய்ததுதான். செய்தவனுக்கே அது போதுமாக இருந்தது. மிச்சமெல்லாம் பர்னிச்சர். நான் மிச்சப்படுத்திய காசில் ரெக்கார்டு வாங்குகிறேன், பாட்டைக் கேட்கிறேன், செட்டைக் கேட்பதில்லை.


பழைய ஊசி எழுதியது:

வெள்ளைக் கோன், மேலே நீங்கள் எழுதியதில் எத்தனை "நான்", "என்" என்று எண்ணிப் பாருங்கள். காசைக் காட்டிப் பீற்றுவது ஒரு ரகம், காசில்லாமலே எல்லாம் தெரியும் என்று பீற்றுவது இன்னொரு ரகம். அதில் முதல் ரகத்துக்காவது காட்ட ஒரு பொருள் இருக்கிறது.

என்எஸ்-10 பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை, அதில் தகராறு இல்லை. ஆனால் ஸ்டூடியோவில் அதை வைத்தது அது நன்றாகப் பாடுகிறது என்பதற்காக மட்டும் அல்லவே, குறையை மூஞ்சியில் அடித்தாற்போல் காட்டும் என்பதற்காகவும்தான். குறையைக் கண்டுபிடிக்கிற கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்கும் தூக்கிப்போனால் எப்படி?


வெள்ளைக் கோன் எழுதியது:

சரி சரி. கடைசி வரி நன்றாகத்தான் இருக்கிறது. பர்னிச்சர் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மற்றதை இல்லை.


மல்டிமீட்டர் எழுதியது:

நான் அளந்து பார்க்கிற கோஷ்டி. ஆனால் எங்கள் கோஷ்டியின் அழுக்கு எனக்குத் தெரியும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1994ல் ஹார்மன் என்கிற ஆடியோ கம்பெனியில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்று இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படி, ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, மார்க் போடச் சொன்னார்கள். தெரியும்படி வைத்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது, சின்ன, மலிவான செட்டுக்கு இறங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. 2007ல் மேயரும் மோரனும் உயர்தர டிஸ்க்குகளின் ஒலியை நேராக ஒருமுறை, சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு, இறக்கி ஒருமுறை என்று போட்டுக்காட்டி எது எது என்று கேட்டார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டினாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு வரும்.

இதெல்லாம் நல்ல விஷயம், தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆனால் இதை எப்போது எடுத்து வீசுகிறோம்? எவனாவது புதிதாக ஒன்று வாங்கி முகம் மலர நிற்கும்போதுதான். இரண்டாம் கையாவது "குத்துதோ" என்று ஒரு வார்த்தையோடு விட்டார். நான் வோல்ட் மீட்டரோடு போயிருக்கிறேன். ஒப்பிட்டுக் கேட்பதென்றால் இரண்டு ஆம்ப்பின் சத்தமும் 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும், அதாவது ஒன்று 2.00 வோல்ட் தந்தால் மற்றது 2.02ஐத் தாண்டக் கூடாது, இல்லாவிட்டால் சத்தம் கூடினதுதான் நல்லதாகக் கேட்கும். உண்மைதான். ஆனால் ஒருத்தர் புது ஆம்ப்பின் பெட்டியை அப்போதுதான் பிரித்திருக்கிறார், அவர் வீட்டில் போய் ஸ்பீக்கர் டெர்மினலில் முனையைக் குத்திக்கொண்டு இதைச் சொன்னது அறிவியலா, வயிற்றெரிச்சலா என்று கேட்டால், இரண்டும்தான். எனக்கு அந்த ஆம்ப் வாங்க வக்கில்லை. "வித்தியாசமே இல்லை" என்று நிரூபித்துவிட்டால் வாங்க வேண்டியதே இல்லையே.

இப்போது உங்கள் விஷயம். எல்லாரும் செய்தியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு வேறு ஒரு சந்தேகம். எலக்ட்ரோஸ்டாட்டிக் பேனல், அதாவது அந்த அதிர்கிற படலம், அகலமானது. 10,000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்ன அலையை அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து அனுப்பினால் டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் போகும், பக்கவாட்டில் பரவாது. இதைச் சமாளிக்கத்தான் 1981ல் வந்த இஎஸ்எல்-63ல் குவாட் வளையம் வளையமாகப் பிரித்து ஒவ்வொரு வளையத்தையும் கொஞ்சம் தாமதித்து அதிரவைத்தார்கள், வேறு சிலர் பேனலையே வளைக்கிறார்கள். என்ன செய்தாலும் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரைவிட இதில் சரியாகக் கேட்கிற இடம் குறுகலாகத்தான் இருக்கும். பல மாடல்களில் அது ஒரே ஒரு நாற்காலி.

அன்றைக்கு ஐந்து பேர் இருந்தீர்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது?


வலது காது எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வலது காதில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம், அந்த ஒலி சரியாகக் கேட்காது, தொழிற்சாலைச் சத்தத்தில் வேலை பார்த்ததன் பலன். எவ்வளவு பெரிய செட் வாங்கினாலும் அந்தப் பள்ளத்தை மூட முடியாது. அதனால் யார் என்ன வாங்கினாலும் எனக்குப் பொறாமையே வருவதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள், வருகிறது. ஆனால் ஸ்பீக்கர்மேல் இல்லை, பாடகி மூச்சிழுத்ததைக் கேட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்தபோது வந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மூச்சுக் கதையை உங்கள் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 40 கிலோவைச் சொன்னீர்கள், அதைச் சொன்னீர்களா?


தூசித்தட்டு எழுதியது:

மல்டிமீட்டர், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பதில் எழுதவில்லை.

நான்தான். நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ரிமோட் கையில் இருந்தது, ரெக்கார்டு மாற்ற நான்தான் எழுந்துபோக வேண்டும், அதனால் நடுவில் உட்கார்ந்தேன் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருக்கிறேன். எழுந்துபோனபோதும் யாரும் அதில் வந்து உட்காரவில்லை, நான் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் சுவரோரம் சோபாவின் கடைசியில் இருந்தார். அங்கே போய் நேற்று ராத்திரி நான் உட்கார்ந்து பார்த்தேன். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுவிட்டா "நல்லாருக்கு" என்று சொன்னார்கள்!

வலது காது, இல்லை. பதினோரு வருஷத்தில் அந்தக் கதையை ஒருதடவைகூட அவர்களிடம் சொன்னதில்லை. ஏன் என்று தெரியவில்லை. என்னிடம் ஒட்டுப் போட்ட கோன் இருந்த காலத்தில் அதைச் சொன்னால் ஏங்குகிறேன் என்று நினைப்பார்களோ என்றிருந்தது.


இரண்டாம் கை எழுதியது:

முதலில் அண்ணனைக் கூப்பிடுங்கள். மன்னிப்பு கின்னிப்பு என்று நீட்டிக்கொண்டிருக்காதீர்கள், அவருக்குச் சங்கடமாகிவிடும். ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிடுங்கள்.


மல்டிமீட்டர் எழுதியது:

வேலைக்கா பஞ்சம்? அந்தப் பேனல் முன்னால் அனுப்புகிற அளவு சத்தத்தைப் பின்னாலும் அனுப்பும். சுவரை ஒட்டி வைத்திருந்தால் அது திரும்பி வந்து முன்னால் வருவதோடு மோதும். பின்னால் ஒரு மீட்டராவது விட வேண்டும். விட்டிருக்கிறீர்களா?


தூசித்தட்டு எழுதியது:

இல்லை. ஒன்றரை ஜாண்.


தூசித்தட்டு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

"பாஸ் சரியா வரலண்ணே, உங்க காது வேணும், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன் பண்ணினேன். பொய்யில்லை, நிஜமாகவே வரவில்லை. தனியாக வந்தார். நாற்காலியைக் காட்டினேன். "நீ உக்காரு" என்றார். நான் ஆம்ப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன், வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

அரைப் பாட்டு கேட்டார். எழுந்தார். "நிறுத்து" என்றார். இரண்டு ஸ்பீக்கரையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முன்னால் நகர்த்தினோம், சுவரிலிருந்து மூன்றரை அடி. தரையில் அவரே மாஸ்கிங் டேப் கிழித்து அடையாளம் ஒட்டினார். மறுபடி உட்கார்ந்தார், வலது பக்கத்தை இரண்டு விரற்கடை உள்ளே திருப்பச் சொன்னார், திருப்பினேன், "அதிகம்" என்றார், ஒரு விரற்கடை திரும்ப எடுத்தேன். இப்படியே ஒரு மணி நேரம். இடையில் ஒருமுறை, "அவ்வளவு காசு போட்டு வாங்கி இப்படியா சுவத்துல சாத்தி வைப்ப?" என்று திட்டினார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்புறம் ஒரு பெண் குரல் ரெக்கார்டைப் போட்டேன். எதுவும் சொல்லாமல்தான் போட்டேன். முன்னிசை முடிந்தது, பாடகி மூச்சை இழுத்தார். அண்ணன் கதவுப் பக்கம் திரும்பவில்லை, ஆனால் நாற்காலியின் கைப்பிடியில் இருந்த விரல் தாளம் போடுவதை நிறுத்தியது.

பாட்டு முடிந்ததும் இருபது வயதுக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தாளு உன்ன எங்க உக்கார வச்சாரு?" என்றார்.

நடுவில், என்றேன்.

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணு பேரையும் சனிக்கிழமை வரச் சொல்றேன். நாற்காலி ஒண்ணுதான இருக்கு, பாட்டுக்கு ஒருத்தரா மாத்திக்கலாம். இப்ப இன்னொரு பக்கத்தப் போடு" என்றார்.